மூன்றாம் நாள் மறந்துபோன ஈக்கள்

1. ஈக்காரி ஆனது

நான் வேலை கேட்டுப் போன அன்று லேப் தலைவர் வைத்தி சார் கேட்ட முதல் கேள்வி, “ஈயைக் கண்டா அருவருப்பு உண்டோ?” என்பதுதான். காலையில் பதினோரு மாட்டுக்குச் சாணி அள்ளிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? “ஈயும் நானும் ஒண்ணா வளந்தவங்கதானுங்க சார்” என்றேன். சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

என் பெயர் துளசிமணி. ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாளையார் ரோட்டில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, இருபத்தாறு வருஷமும் லேப் அசிஸ்டென்டாகவே இருந்து, போன மாதம் ரிட்டயர் ஆனேன். கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் போன் போட்டு, “அக்கா, உங்க அனுபவத்தை எழுதித் தாங்க” என்று நச்சரிக்கிறார்கள். என் பெருமையை எழுதினால் நாலு வரியில் தீர்ந்துபோகும். அதனால் நான் பண்ணின ஒரு அட்டூழியத்தை எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளம்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாழைத்தாரைச் சுற்றிப் பறக்கும் பொடி ஈ இருக்கிறதே, அதை ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் குப்பிகளில் வளர்க்க வேண்டும். சோள மாவு, வெல்லம், அகர் என்கிற கடற்பாசித் தூள் போட்டுக் கூழ் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றி, ஆறியதும் மேலே ஒரு சொட்டு ஈஸ்ட் கரைசல் விட வேண்டும். ஈக்குச் சோறும் அதுதான், படுக்கையும் அதுதான். பிறகு, அன்றன்று பிறக்கும் பெண் ஈக்களை ஆண் நெருங்குவதற்குள் பொறுக்கித் தனியே வைக்க வேண்டும். இதற்கு லேபில் ‘விர்ஜின் கலெக்‌ஷன்’ என்று பெயர்.

ஒரு நாள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது வைத்தி சார் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கர் தானாக ஆனாகித் தொலைந்திருந்தது. “மணியம்மா, இன்னிக்கு விர்ஜின் எத்தனை கெடச்சுது?” என்று பஸ் முழுக்கக் கேட்டது. “முப்பத்தெட்டுங்க சார். நாளைக்கு இன்னும் எச்சாப் புடிச்சுத் தர்றனுங்க” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். வேலந்தாவளம் வரும்வரை திரும்பித் திரும்பி என்னை முறைத்தாள்.

2. சார் திருடிய தயிர்

வைத்தி சார் கல்பாத்திக்காரர். தேர் முட்டி நிற்கிற தெருவில் வீடு. மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் பால் விடாத கட்டங்காப்பி, வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஆராய்ந்தது ஞாபகத்தை.

“மணியம்மா, மூளையில இருக்கற புரோட்டீன் அநேகமா கொஞ்ச நாளுக்கு மேல தங்காது, கேட்டேளா. பழசு போயிண்டே இருக்கும், புதுசு வந்துண்டே இருக்கும். அப்பிடி இருக்கச்சே, அஞ்சு வயசுல வாத்தியார் வெச்ச குட்டு நேக்கு இப்பவும் வலிக்கறதே, அது எங்கயாக்கும் தங்கியிருக்கு?”

“மண்டையிலதானுங்க சார்.”

தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் விளக்கினார். அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒரு நரம்பு அடுத்த நரம்போடு பேசுகிற இடத்தில் ஒரு வகைப் புரோட்டீன் உண்டு. சாதாரண நேரத்தில் தனித்தனியாகத் திரியும். மனசில் தைக்கிற மாதிரி ஏதாவது நடந்தால், அந்த இடத்தில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி ஒருதரம் சேர்ந்தால், புதிதாக வருகிறதையும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பழசு உதிர்ந்தாலும் கட்டி உதிராது. கட்டி நிற்கிறவரை அந்த நரம்புகளின் சிநேகம் பலமாக இருக்கும். அதுதான் நெடுநாள் ஞாபகம் என்பது சாரின் கட்சி.

“மறதி நோய்க்காரங்களுக்கும் மூளையில கட்டி சேருதுன்னு டிவியில சொன்னாங்களேங்க சார்?”

“அது வேற புரோட்டீன். அந்தக் கட்டி நரம்பைக் கொல்லும். இந்தக் கட்டி சேராட்டா ஞாபகமே தங்காது. கட்டி சேரறது தப்பில்லை மணியம்மா. எது, எங்கே, எப்போங்கறதுதான் விஷயம்.”

“அப்பப் பாலு மாதிரிங்க. ஒறை ஊத்தி வெச்சுக் கட்டியானாத் தயிரு, டீக்குக் காய்ச்சறப்பக் கட்டியானாக் கேடு. அந்தத் தயிருலயே ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலையும் ஒறைய வெக்கலாமுங்க.”

“ஒப்புமை தப்பு. தயிருக்கு பாக்டீரியா வேணும். இதுக்கு வேண்டாம்” என்று என் வாயை அடைத்தார். அடுத்த வாரமே திருவனந்தபுரத்திலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு அதே தயிரை மலையாளத்தில் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் டீ கொடுத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தை ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

3. உதை வாங்கினதை மறக்காத ஆம்பளை

மாரிச்செல்வி எங்கள் லேபில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவள். வண்டிப்பெரியார் டீ எஸ்டேட்டுப் பெண். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா ஃபேக்டரியில் வேலை. தொழிலாளர் வீட்டு வரிசையை லயம் என்பார்கள், அந்த லயத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த முதல் ஆள் இவள்தான். என்னை மணியக்கா என்பாள். நான் கண்ணு என்பேன்.

அவளுடைய சோதனையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் ஈ, வேறு ஆணை அண்டவிடாது. இளவட்ட ஆண் ஈ ஒன்றை அதோடு ஆறு மணிநேரம் சின்ன அறையில் அடைத்துவிடுவோம். இவன் பின்னாலேயே போய் ஒரு இறக்கையை விரித்துப் பாடுவான். அவள் உதைப்பாள். மறுபடி பாடுவான். மறுபடி உதைப்பாள். சாயங்காலத்துக்குள் இவனுக்கு உலகம் வெறுத்துப்போகும். பிறகு அவனை எடுத்துத் தனிக் குப்பியில் கூழோடு விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் வேறொரு பெண்ணிடம் விட்டுப் பத்து நிமிஷம் வீடியோ எடுப்போம். உதை வாங்கியது ஞாபகம் இருந்தால், கொஞ்ச நேரத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவான். மறந்திருந்தால் மறுபடி பாட்டுக் கச்சேரிதான்.

இதில் இரண்டு வகை ஈ. ஒன்று சாதா ஈ. இன்னொன்றில், கட்டி சேர்கிற அந்தப் புரோட்டீனின் ஒட்டும் பகுதியை நறுக்கியிருப்பார்கள். சாதா ஈ மூன்றாம் நாளும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், நறுக்கின ஈ மறந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் கட்டிதான் ஞாபகத்தைத் தாங்குகிறது என்று சொல்ல வழி பிறக்கும். மாரியின் மூன்று வருஷ உழைப்பு இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நின்றது. எண்ணும்போது மனசு சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் குப்பிகளில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் எந்த வகை என்கிற சீட்டு என் அலமாரியில் பூட்டியிருக்கும்.

அவள் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. ஒரு நாள் போனில், “ஈயப் பாத்தது போதும்டி, வந்து கவர்மென்ட் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுது” என்றார். “அம்மா, பொம்பள உதைச்சத ஆம்பள ஈ மூணு நாள் ஞாபகம் வச்சிருக்கும்மா” என்று இவள் உற்சாகமாகச் சொன்னாள். “இதுக்கு எதுக்குடி ஈ? உங்கப்பன் முப்பது வருசமா வச்சிருக்காரே, வந்து அவர எண்ணு” என்றார் அந்த அம்மா. நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

இரண்டு முறை சோதனை பண்ணியாகிவிட்டது. இரண்டிலும் எதிர்பார்த்தபடி வந்தது. மூன்றாவது முறையும் அப்படியே வந்தால் செமினாரில் காட்டலாம், தீசிஸ் கொடுக்கலாம். ஆனால் அவளுக்குக் கொடுத்திருந்த காலம் முடியப்போகிறது. இன்னொரு நீட்டிப்பு கிடையாது என்று ஆபீசில் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை ஓணம் லீவில் வந்து மாட்டியது.

4. ஓணத்துக்கு ஈஸ்ட் இல்லை

ஈக்கு ஓணம் கிடையாது. ஊரெல்லாம் பூக்களம் போட்டுக்கொண்டிருக்கும்போது நானும் மாரியும் மட்டும் லேபில். அவள் மறுநாள் நடக்க வேண்டிய உதை வாங்கும் படலத்துக்கு அறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆண்களுக்கு ஓய்வுக் குப்பி தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். கூழ் ஊற்றிவிட்டு ஈஸ்ட் டப்பாவைத் திறந்தால், அடியில் ஒரு சிட்டிகை தூசி.

ஈஸ்ட் அனுப்புகிற கோயம்புத்தூர் கடைக்காரர் போனில், “அனுப்பியாச்சுங்கம்மா, பார்சல் வண்டி வரலீங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேக்கரி எல்லாம் பூட்டு. மாரியிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் அத்தனை வருஷத்தில் என் கூழ் ஒரு நாள் தவறியதில்லை என்கிற கர்வம் எனக்கு. அந்தக் கர்வத்தோடு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கம் தென்னந்தோப்பைக் கள்ளுக்கு விடுவது வழக்கம். சித்தூர்ப் பக்கத்துக் கள் கேரளம் முழுக்க வண்டி வண்டியாகப் போகிறது. மரம் ஏறுகிறவர் தோப்புக்காரருக்கு என்று கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போவார். அதை இரண்டு நாள் வைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும். அதை மண்டி என்போம். ஆப்ப மாவில் ஒரு கரண்டி மண்டி விட்டால் போதும், விடிவதற்குள் மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து நடக்கும். மண்டியில் இருப்பதும் ஈஸ்ட்தானே? கடைப் பாக்கெட்டில் இருப்பது செத்த மாதிரித் தூங்குகிற ஈஸ்ட், இது முழித்துக்கொண்டிருக்கிற ஈஸ்ட். விஞ்ஞானத்தில் எனக்குக் குறைச்சல் என்ன?

மேலே இருந்த தெளிவை வடித்துவிட்டு மண்டியை மட்டும் பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். தெளிவை என் வீட்டுக்காரர் வீணாக விடவில்லை. மறுநாள் பாட்டிலை லேப் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே ‘ஈஸ்ட்’ என்று லேபிள் ஒட்டினேன். எல்லாக் குப்பியிலும் ஒவ்வொரு சொட்டு. கை கொஞ்சம் தாராளம். இரண்டு சொட்டாகவும் இருந்திருக்கும். உதை வாங்கி வந்த ஆண்களை ஒவ்வொருத்தராக அதில் விட்டு மூடினேன். நல்லாச் சாப்புட்டுத் தூங்குங்கடா என்று சொன்னதாகக்கூட ஞாபகம்.

5. எல்லோரும் பாடினார்கள்

மூன்றாம் நாள் குப்பியின் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்ததுமே எனக்கு மணம் வந்துவிட்டது. மத்தியானம் கள்ளு ஷாப்புப் பக்கம் நடந்துபோனால் வருமே, அதே மணம். கூழின் மேலே நுரை கட்டியிருந்தது. மண்டி வெல்லத்தைத் தின்று, குப்பிக்குள்ளேயே சரக்குக் காய்ச்சியிருக்கிறது! பொண்ணு உதைத்துவிட்டாள் என்று மனம் நொந்து வந்தவனுக்கு நான் இரண்டு நாள் உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மாரிக்குச் சளி. மூக்கு அடைத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேமராவில் ஆண்கள் எல்லோரும் திருவிழாவுக்கு வந்த மாமன் மச்சான்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கண்ணாடிச் சுவரைப் பார்த்துப் பாடினான்.

“அக்கா, இன்னைக்கு ஏன்க்கா இம்புட்டுச் சுறுசுறுப்பு?”

“ஓணமில்லியா கண்ணு” என்றேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொட்டு மண்டி என்ன பண்ணிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து வீடியோவை எண்ணி முடித்தாள். அலமாரியைத் திறந்து சீட்டைக் கொடுத்தேன். நம்பரை நம்பரோடு பொருத்திப் பார்த்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

“அக்கா, சாதா ஈயும் மறந்துருச்சுக்கா. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அடுத்த மூன்று நாளும் அதைத்தான் பண்ணினேன். அவள் இன்குபேட்டர் சூட்டை அளந்து பார்ப்பாள், நான் டீ கொடுப்பேன். அறைகளைக் கழுவுவாள், நான் டீ கொடுப்பேன். வீடியோவை முதலிலிருந்து எண்ணுவாள், நான் டீ கொடுப்பேன். ஒரு தரம் நேராகவே கேட்டாள்.

“அக்கா, கூழு எப்பவும் போலத்தான காய்ச்சுனீக?”

“எப்பவும் போலத்தான் கண்ணு.”

கூழ் எப்போதும் போலத்தான். மேலே விட்ட சொட்டைப் பற்றி அவள் கேட்கவில்லையே! இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறது.

வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். “மண்டியில என்ன இருக்குது? தெளிவக் குடிச்ச எனக்கே ஒண்ணும் மறக்கலியே” என்றார்.

“செவலை மாட்டுக்கு ஊசி போட டாக்டரக் கூப்புடச் சொன்னனே, கூப்புட்டீங்களா?”

“எப்பச் சொன்னே?”



6. கொட்டாதே கண்ணு

நாலாம் நாள் காலை நான் லேபுக்குள் நுழையும்போது, மாரி சாதா ஈயின் பாட்டில்கள் அத்தனையையும் மேஜை மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். பக்கத்தில் பெரிய ஸ்பிரிட் ஜாடி. வேண்டாத ஈக்களை அதில்தான் கொட்டுவோம். அதற்குச் சுடுகாடு என்று பெயர். வைத்தி சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“என் கைதான் சார் தப்பு. எங்கயோ ரெண்டு வகையும் கலந்துருச்சு. இது இனி சாதா ஈ இல்ல. பழைய ரெண்டு செட்டையும் நம்ப முடியாது. அம்புட்டையும் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“புது ஸ்டாக் வரவழைக்கணும்னா மாசக்கணக்காகுமே குழந்தே. அதுக்குள்ள நோக்கு டைம் முடிஞ்சுபோகும்” என்றார் சார். அவர் குரலும் நன்றாக இல்லை.

“தெரியும் சார். ஊருக்குப் போறேன்.”

முதல் பாட்டிலின் பஞ்சில் கை வைத்தாள். அந்த ஈ வம்சத்தை மூன்று வருஷம் தாலாட்டி வளர்த்தவள் அவள். ஒரு கலப்படமும் இல்லாத வம்சம். அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

“கண்ணு, கொட்டாதே. நாந்தான் பண்ணிப்போட்டேன்” என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஈஸ்ட் தீர்ந்தது, பேக்கரி பூட்டியிருந்தது, தோப்பு, மண்டி, இரண்டு சொட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

“கள்ளா?” என்றார் வைத்தி சார். “என்னோட லேப்லயா? சிவ சிவா!”

“மண்டிதானுங்க சார். தெளிவெல்லாம் வடிச்சாச்சுங்க.”

“தெளிவு எங்கே?”

“எங்க ஊட்டுக்காரர்கிட்டங்க.”

விறுவிறுவென்று போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். அவருடைய தயிர்சாத டப்பாவோடு தோளோடு தோள் சேர்ந்து நின்றிருந்தது ‘ஈஸ்ட்’. எடுத்து மூடியைத் திருகினார். வேண்டாங்க சார் என்று நான் சொல்வதற்குள் டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி, மூக்கு, சட்டை, எல்லாம் நுரை. சாயங்காலம் அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அவர் வீட்டு மாமி எனக்குப் போன் பண்ணி, “மணியம்மா, உங்க லேப்ல கள்ளு உண்டோ?” என்று கேட்டார். “உண்டுங்க மாமி” என்றேன். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

சாரின் மேல் நுரையைப் பார்த்தும் மாரி சிரிக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பஞ்சைத் திரும்ப பாட்டிலில் அழுத்தி வைத்தாள்.

“மூணு நாளாக்கா. மூணு நாளா என் கையத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு டீ குடுத்தீக.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம் முப்பத்து நாலு வருஷமாக வாங்கின எந்தத் திட்டும் இப்படி வலித்ததில்லை.

7. கள்ளுக்குச் சீட்டு

செமினாருக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. ஈ பிறந்து, வளர்ந்து, உதை வாங்கி, ஓய்வெடுத்து, பாடி, எண்ணி முடிக்கப் பன்னிரண்டு நாள் வேண்டும். மாரி ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். பாதிக் குப்பிக்குக் கடை ஈஸ்ட், பாதிக்குக் கள்ளு மண்டி. கள்தான் காரணம் என்று நான் சொன்னால் போதாதாம், அதையும் சோதித்துத்தான் நம்புவாளாம். கோபத்திலும் விஞ்ஞானி.

ஆக, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்த கள்ளை இப்போது அதிகாரபூர்வமாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கேட்டில் தடுப்பார்களே என்று வைத்தி சார் மலையாளத்தில் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்: துளசிமணி கொண்டுவரும் கள், ஆராய்ச்சித் தேவைக்கானது. எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாட்ச்மேன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “ஆராய்ச்சி முடிஞ்சு மிச்சம் இருக்குமா அக்கா?” என்று கேட்டார். தினமும் கேட்டார்.

இந்த முறை லேபிளை முழுசாக எழுதினேன். ‘ஈஸ்ட், கடைப் பாக்கெட், இன்று கரைத்தது.’ ‘கள்ளு மண்டி, துளசிமணி வீட்டுத் தோப்பு, இரண்டு நாள் பழசு.’ மாரி வந்து வாசித்தாள்.  பன்னிரண்டு நாளும் எனக்கும் அவளுக்கும் பேச்சு லேபிளில்தான். ‘நாளை ஆறு டிரே வேண்டும்’ என்று ஒட்டுவாள். ‘ஏழு வைத்திருக்கிறேன், சாப்பிட்டாயா?’ என்று ஒட்டுவேன். முதல் பாதிக்கு மட்டும் பதில் வரும்.

கடை ஈஸ்ட் தின்ற சாதா ஈக்கள் மூன்றாம் நாளும் உதையை மறக்கவில்லை. மூலையில் உட்கார்ந்துவிட்டன. நறுக்கின ஈக்கள் மறந்துபோயின. பழைய இரண்டு முறை வந்த மாதிரியே. மண்டி தின்றவர்கள், எந்த வகையானாலும் சரி, பாட்டுக் கச்சேரி. சீட்டை மாரி இரண்டு தரம் பொருத்திப் பார்த்தாள். நான் அலமாரிச் சாவியைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றேன்.

8. கேள்வி நேரம்

செமினார் நடந்த ஹாலில் எனக்கு வேலை டீ கொடுப்பது. இருபத்தாறு வருஷமும் அதே வேலைதான். கோயம்புத்தூரிலிருந்து தேர்வாளராக ஒரு மேடம் வந்திருந்தார். சிரிக்காத முகம். மாரி எல்லாவற்றையும் காட்டினாள், கெட்டுப்போன மூன்றாவது முறையையும் மறைக்காமல் காட்டினாள். கள் என்றதும் ஹாலில் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை.

“கள்ளு குடிச்ச ஈ மறந்துபோச்சா, இல்ல ஞாபகம் இருந்தும் போதையில சட்டை பண்ணலையா? எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க?”

வைத்தி சார் நாற்காலியில் நெளிந்தார். மாரி, “இப்பச் சொல்ல முடியாது மேடம். போதை தெளிய விட்டு மறுபடி பாத்தாத்தான் தெரியும். அதை இன்னும் செய்யல” என்றாள். மேடம் எதையோ குறித்துக்கொண்டார். 

“சரி. கள்ளுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் கண்டுபிடிக்கல மேடம். அந்தா இருக்காகல்ல, அவுக சொன்னாக.”

ஹால் முழுக்கத் திரும்பியது. கையில் டீ டிரேயோடு நான்.

“நீங்களா? எப்பச் சொன்னீங்க?” என்றார் மேடம்.

“மூணு நாள் கழிச்சுங்க.”

“ஏன், நீங்களும் மறந்துட்டீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். டிரேயை மேஜையில் வைத்துவிட்டேன்.

“மறக்கலீங்க மேடம். மறந்த மாதிரி இருந்து பாத்தேன். இந்தப் புள்ள அத்தனை பாட்டிலையும் கொட்டப் போறப்ப, முடியலீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் மறுபடி குறித்துக்கொண்டார். தீசிஸ் கொடுக்கலாம் என்று கமிட்டி எழுதியது. போதை தெளிந்த ஈயை ஆறு மாதத்துக்குள் பார்த்துத் தனியாக எழுதித் தர வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது.

தீசிஸ் அச்சுக்குப் போகுமுன் மாரி கூழ் காய்ச்சுகிற அறைக்கு வந்தாள். கையில் தாள்கள். எனக்கு ஆங்கிலம் தத்தக்கா பித்தக்கா, ஆனால் என் பெயரைத் தெரியாதா? மூன்றாம் அத்தியாயத்தில், பிழை நடந்ததை விவரிக்கிற இடத்தில், கள்ளுக்குப் பக்கத்தில் துளசிமணி.

“ஏங்கண்ணு, உலகத்துக்கே தெரியோணுமா? நன்றி சொல்ற பக்கத்துல போட்டுப்போட்டு இங்க எடுத்துப்போடேன்” என்று கெஞ்சினேன்.

“அங்கயும் போட்டுருக்கேன்க்கா. ஆனா நன்றி சொல்ற பக்கத்த யாரும் படிக்க மாட்டாக. இதத்தான் படிப்பாக.”

பதினேழு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் வாய் திறந்து பேசியது இதுதான். பேசினாளே என்று எனக்கு அழுகையும் வந்தது, இப்படிப் பேசினாளே என்று ஆத்திரமும் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாகப் பண்ணினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கள் ஊற்றியது பெரிய தப்பில்லை. கள் ஊற்றிவிட்டு ‘ஈஸ்ட்’ என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு. குப்பிக்குள் என்ன இருக்கிறதோ அதை வெளியே எழுதுங்கள். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் வரை வைத்திருந்தால் அது கட்டியாகிவிடும், பிறகு கரைக்க முடியாது.

மாரி சொன்னது சரிதான். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இப்போதும் யாராவது லேபுக்குப் போன் பண்ணுகிறார்களாம். லேபில் இருப்பவர்கள் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பையன், “மேடம், அந்த மண்டி சரியா எத்தனை நாள் பழசா இருக்கணும்?” என்று கேட்டான். இரண்டு நாள் என்று சொன்னேன். லேபிளில் அதையும் எழுதச் சொன்னேன்.